கலர் சார்ட்டர் காப்புரிமையும் உதிரிபாகக் கட்டுப்பாடும்: இனி சி.சி.ஐ.க்குப் போக வழியே இல்லையா?

கோத்தகிரி_இலை:

வணக்கம். கோத்தகிரி பக்கம் உள்ள ஒரு பாட் லீஃப் ஃபேக்டரிக்காக (விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தேயிலை செய்யும் ஆலை) கேட்கிறேன். சி.டி.சி. தேயிலைத் தூளில் இருந்து காம்பும் நாரும் பிரிக்கும் கலர் சார்ட்டர் இருக்கிறது. முழு விலை கொடுத்து வாங்கியது, லீஸ் இல்லை. இன்வாய்ஸ் ஃபேக்டரி பெயரில். மெஷினுக்குக் காப்புரிமை இருப்பதாக உடம்பில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது.

விற்பனை ஒப்பந்தத்தில் உள்ள ஷரத்துகள் இவை. காற்றை ஊதிக் காம்பை ஒதுக்கும் எஜெக்டர் வால்வ் உள்பட எல்லா உதிரிபாகமும் அவர்களிடமே வாங்க வேண்டும். ஏர் ஃபில்டரும் கம்ப்ரசர் ஆயிலும்கூட அவர்கள் பெயர் போட்டதுதான் போட வேண்டும். ஒப்பந்தக் காலத்தில் இதே ஃபேக்டரியில் வேறு கம்பெனி சார்ட்டர் வைக்கக் கூடாது. காப்புரிமை செல்லாது என்று எந்த இடத்திலும் வாதாடக் கூடாது. எதை மீறினாலும் ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) ரத்து, காப்புரிமை மீறல் வழக்கு.

வெளியில் கிடைக்கும் வால்வுக்கும் இவர்கள் வால்வுக்கும் விலை வித்தியாசம் பல மடங்கு. கோவையில் அதே அளவில், அதே வேகத்தில் வேலை செய்யும் வால்வ் செய்து தர ஆள் இருக்கிறார். ஆனால் அவரும் வழக்கு வருமோ என்று தயங்குகிறார்.

சி.சி.ஐ.யில் (இந்தியப் போட்டி ஆணையம்) புகார் கொடுக்கலாம் என்று பேசியபோது, டெல்லி ஹைகோர்ட் தீர்ப்புக்குப் பிறகு காப்புரிமைக்காரர் மேல் சி.சி.ஐ. கை வைக்க முடியாது என்கிறார்கள். உண்மையா? அப்படியென்றால் எங்களைப் போன்றவர்கள் எங்கே போவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பிரிவு_எண்:

வணக்கம் சார். பாதி உண்மை. எந்தப் பாதி என்பது முக்கியம் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நீங்கள் கேள்விப்பட்டது 2023 ஜூலை 13 அன்று டெல்லி உயர் நீதிமன்ற டிவிஷன் பெஞ்ச், நீதிபதிகள் நஜ்மி வசீரி, விகாஸ் மகாஜன், கொடுத்த தீர்ப்பு. எரிக்சன் ஒரு பக்கம், சி.சி.ஐ. மறுபக்கம். கூடவே மான்சான்டோ வழக்கும் சேர்த்து முடிக்கப்பட்டது. எரிக்சன் விஷயம் இதுதான்: செல்போன் இயங்க அந்தக் கம்பெனியின் சில காப்புரிமைகள் இல்லாமல் முடியாது. அதற்கான ராயல்டியை உள்ளே இருக்கும் சிப்பின் விலையில் கணக்கிடாமல் முழு போனின் விலையில் கேட்கிறார்கள் என்று மைக்ரோமேக்ஸும் இன்டெக்ஸும் சி.சி.ஐ.யில் புகார் செய்தன. 2013 நவம்பரிலும் 2014 ஜனவரியிலும் சி.சி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. எரிக்சன் ரிட் போட்டது. 2016 மார்ச் 30-ல் தனி நீதிபதி விபு பக்ரு, காப்புரிமைச் சட்டமும் போட்டிச் சட்டமும் ஒன்றோடொன்று மோதவில்லை, சி.சி.ஐ. விசாரிக்கலாம் என்றார். அதைத்தான் டிவிஷன் பெஞ்ச் 2023-ல் புரட்டிப் போட்டது. மான்சான்டோ வழக்கு பி.டி. பருத்தி விதைக்கு வாங்கிய டிரெய்ட் கட்டணம் (விதையில் சேர்த்த பூச்சி எதிர்ப்புத் தன்மைக்கான கட்டணம்) பற்றியது.

பெஞ்ச் சொன்ன காரணம்: காப்புரிமைச் சட்டத்தின் 16-ஆம் அத்தியாயம், அதாவது 82 முதல் 94 வரையிலான பிரிவுகள், காப்புரிமைக்காரர் தன் உரிமையைத் தவறாகப் பயன்படுத்தினால் என்ன செய்வது என்பதை முழுமையாகச் சொல்கிறது. 84-ஆம் பிரிவின் கீழ் காப்புரிமை அலுவலக அதிகாரியான கன்ட்ரோலர் விசாரிக்கும்போது, போட்டிக்கு எதிரான நடவடிக்கை உண்டா என்பதையும் பார்க்கச் சட்டமே சொல்கிறது. உரிம ஒப்பந்தத்தில் எந்த ஷரத்து செல்லாது என்பதை அதே சட்டத்தின் 140-ஆம் பிரிவு சொல்கிறது. காப்புரிமை உரிமையைப் பயன்படுத்தும் விஷயத்தில் இதுதான் சிறப்புச் சட்டம், போட்டிச் சட்டம் பொதுச் சட்டம். எனவே சி.சி.ஐ. உள்ளே வரக் கூடாது.

சி.சி.ஐ. உச்ச நீதிமன்றம் போனது. 2025 செப்டம்பர் 2-ல் அந்த மனு தள்ளுபடி. புகார் கொடுத்தவர்கள் ஏற்கெனவே சமரசம் செய்து ஒதுங்கிவிட்டதை நீதிமன்றம் கணக்கில் எடுத்தது. அடுத்த மாதம் 30-ஆம் தேதி, வைஃபோர் கம்பெனியின் இரும்புச்சத்து ஊசி மருந்து வழக்கில் தேசிய கம்பெனிச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் இதே வழியில் போனது.

இது டெல்லி ஹைகோர்ட் தானே, நீலகிரி சென்னை ஹைகோர்ட்டுக்குக் கீழே வருகிறதே என்று கேட்கலாம். சென்னை உயர் நீதிமன்றம் இதற்குக் கட்டுப்பட்டதில்லை என்பது சரிதான். ஆனால் சி.சி.ஐ. இருப்பது டெல்லியில். விசாரணை உத்தரவு வந்த மறுநாளே எதிர்த்தரப்பு டெல்லியில் ரிட் போட்டு இந்தத் தீர்ப்பைக் காட்டித் தடை வாங்கிவிடும். சி.சி.ஐ.க்குச் சென்னையில் மண்டல அலுவலகம் இருப்பதால் இதில் ஒன்றும் மாறாது.

இதனால் சிறிய வாங்குபவர் இழந்தது என்ன என்பதைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். சி.சி.ஐ.யில் புகார்தாரர் முதல்பார்வைக்குக் காரணம் காட்டினால் போதும். மற்றபடி கம்பெனியின் ஆவணங்கள், விலைப் பட்டியல், உள் மின்னஞ்சல் எல்லாவற்றையும் சி.சி.ஐ.யின் விசாரணை அதிகாரியான டைரக்டர் ஜெனரல் தன் அதிகாரத்தில் வரவழைப்பார். தவறு நிரூபணமானால் அபராதமும் உண்டு. கன்ட்ரோலரிடம் அது கிடையாது. அவர் அபராதம் போட முடியாது, உங்களுக்காகச் சாட்சியம் திரட்டவும் மாட்டார். எல்லாம் நீங்களே கொண்டுபோய் வைக்க வேண்டும். இந்தத் தீர்ப்பின் உண்மையான சுமை இதுதான். ஆகவே இப்போதிருந்தே காகிதத்தைச் சேர்க்க ஆரம்பியுங்கள்.

---

வால்பாறை_டூ_குன்னூர்:

பிரிவு_எண் சார் எழுதியதில் ஒரு இடத்தில் மட்டும் உடன்பாடில்லை. தீர்ப்பு தடுப்பது காப்புரிமை உரிமையைப் பயன்படுத்தும் விஷயத்தில். காப்புரிமை இல்லாத பொருள் மேல் போடும் கட்டுப்பாடு அந்த உரிமையைப் பயன்படுத்துவதே இல்லை. கம்ப்ரசர் ஆயிலுக்கு யார் காப்புரிமை வைத்திருக்கிறார்?

2014 ஆகஸ்ட் 25-ல் கார் உதிரிபாக வழக்கில் 14 கார் கம்பெனிகளுக்கு சி.சி.ஐ. 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டதை நினைவில் வையுங்கள். காரை வாங்கிய பிறகு அந்தக் காரின் உதிரிபாகச் சந்தையில் ஒவ்வொரு கம்பெனியும் தனிக்காட்டு ராஜா என்பதுதான் அதன் அடிப்படை. கம்பெனிகள் அறிவுசார் சொத்துரிமையைக் கேடயமாகப் பிடித்தன. இந்தியாவில் அந்த உரிமை அந்தந்தப் பாகத்துக்கு இருக்கிறது என்று ஆவணத்தோடு காட்ட முடியாததால் அந்த வாதம் எடுபடவில்லை. மேல்முறையீட்டில் சிலருக்கு அபராதத் தொகை குறைந்தது. தவறு தவறுதான் என்பது நின்றது.

போட்டிச் சட்டம் 62, மற்ற சட்டங்களோடு சேர்த்துத்தான் இது செயல்படும் என்கிறது. ஆகவே ஆயில், ஃபில்டர், காப்புரிமை இல்லாத வால்வ் பற்றிய புகாருக்கு சி.சி.ஐ. கதவு சாத்தப்படவில்லை என்பது என் கருத்து. ஒன்று கவனம்: 2023 திருத்தத்துக்குப் பிறகு, காரணம் எழுந்த நாளில் இருந்து மூன்று ஆண்டுக்குள் புகார் போக வேண்டும்.

---

பிரிவு_எண்:

நியாயமான திருத்தம், ஏற்கிறேன். ஆனால் இதில் நடைமுறைச் சிக்கல் உண்டு. கம்பெனி முதல் நாளே "இந்த ஷரத்து எங்கள் காப்புரிமை மெஷினை விற்ற ஒப்பந்தத்தின் பகுதி, 140 இதைப் பார்த்துக்கொள்ளும்" என்று 2023 தீர்ப்பைத் தூக்கிவரும். அந்த வாதத்திலேயே வருடங்கள் போகும். பாகம் வாரியாகப் பிரித்து, காப்புரிமை இல்லை என்று ஆவணத்தோடு காட்டினால்தான் சி.சி.ஐ. பக்கம் போவதில் அர்த்தம். மெஷின் மொத்தத்தையும் சேர்த்துப் புகார் எழுதினால் நீங்களே அவர்கள் கையில் ஆயுதத்தைக் கொடுத்த மாதிரி.

---

காம்பு_நார்:

சட்டம் பேசும் முன் பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். ஸ்டிக்கரில் இருப்பது என்ன எண்?

சி.என்., ஜே.பி., யு.எஸ். என்று தொடங்கினால் அது சீனா, ஜப்பான், அமெரிக்கக் காப்புரிமை. இந்தியாவில் அதற்கு எந்தப் பலமும் இல்லை. காப்புரிமை அந்தந்த நாட்டு எல்லையோடு சரி. சீன எண்ணின் கடைசியில் 'யு' இருந்தால் அது அங்குள்ள சிறு கண்டுபிடிப்புப் பதிவு. அப்படி ஒரு வகையே இந்தியச் சட்டத்தில் கிடையாது.

12 இலக்கமாக இருந்தால் அது இந்திய விண்ணப்ப எண். முதல் நான்கு இலக்கம் ஆண்டு, ஐந்தாவது அலுவலகம்: 1 டெல்லி, 2 மும்பை, 3 கொல்கத்தா, 4 சென்னை. விண்ணப்ப எண் இருப்பதால் காப்புரிமை கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. கிராண்ட் ஆகும்வரை, அதாவது காப்புரிமை வழங்கப்படும்வரை, மீறல் வழக்கே போட முடியாது. கிராண்ட் ஆனதற்குத் தனி எண் உண்டு. கிராண்ட் ஆகாததைக் காப்புரிமை பெற்றது என்று போட்டு விற்றால் 120-ஆம் பிரிவில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று ஜன் விஸ்வாஸ் சட்டம் கொண்டுவந்திருக்கிறது.

காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் தளத்தில் எண்ணைப் போட்டுத் தேடுங்கள், காசு கேட்காது. இ-ரிஜிஸ்டரைத் திறந்து முதலில் புதுப்பிப்புக் கட்டணம் எதுவரை கட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். மூன்றாம் ஆண்டில் இருந்து ஒவ்வோர் ஆண்டுக்கும் கட்ட வேண்டும். ஆறு மாதச் சலுகைக் காலமும் தாண்டினால் காப்புரிமை காலாவதி. பிறகு 18 மாதத்துக்குள் மீட்க மனுப் போடலாம். இறந்துபோன காப்புரிமையைக் காட்டி மிரட்டுவது புதிதல்ல.

அடுத்தது கிளெய்ம்ஸ், அதாவது காப்புரிமை எதற்கெல்லாம் என்று எல்லை வகுக்கும் வாக்கியங்கள். இங்கேதான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். 18 மாதம் கழித்து வெளியாகும் விண்ணப்பத்தில் கிளெய்ம் பரந்து விரிந்து இருக்கும். பரிசோதகர் ஆட்சேபம் எழுப்பிய பிறகு சுருக்கித்தான் கிராண்ட் ஆகும். பார்க்க வேண்டியது கிராண்ட் ஆன கிளெய்ம். ஆவணப் பட்டியலில் கடைசித் தேதியில் இருக்கும் கிளெய்ம் கோப்பைத் திறந்து, வேறு கிளெய்மைச் சாராமல் தனியே நிற்பவற்றை மட்டும் படியுங்கள். சார்ட்டரில் பொதுவாக இருப்பது சூட் (தூள் சரிந்து இறங்கும் தட்டு), லைட், கேமரா, கன்ட்ரோல் போர்டு, எஜெக்டர் வரிசை. கிளெய்ம் இவை எல்லாம் சேர்ந்த அமைப்புக்கு என்றால், தேய்ந்த வால்வை மாற்றுவது வாங்கிய மெஷினைப் பழுது பார்ப்பது. மெஷினைப் புதிதாகச் செய்வதாகாது. வால்வுக்கே தனிக் கிளெய்ம் அல்லது தனிக் காப்புரிமை இருந்தால் கதை வேறு. அப்போது கோவைக்காரர் செய்வதும் மீறல், நீங்கள் போடுவதும் மீறல்.

இன்னொன்று, நம் மலைக்கே உரியது. கம்பெனி வாரண்டியை மறுக்கும்போது சொல்லும் காரணம் "வெளி ஃபில்டர் போட்டதால் வால்வ் போயிற்று" என்பதாகத்தான் இருக்கும். வால்வ் ஒட்டிக்கொள்ளப் பெரும்பாலும் காரணம் காற்றில் வரும் தண்ணீர். காற்றைக் குளிரவைத்து ஈரம் நீக்கும் ரெஃப்ரிஜிரேட்டட் டிரையர், அழுத்தக் காற்றின் பனிநிலையை (ஆவி நீராகும் வெப்பநிலையை) சுமார் 3 டிகிரிக்குக் கொண்டுவரும், அதற்குக் கீழே போகாது. டிசம்பர், ஜனவரியில் குந்தா, கேத்தி பக்கம் உறைபனி விழும் இரவில், டிரையரில் இருந்து ஷெட்டுக்கு வெளியே ஓடும் பைப் 0 டிகிரிக்கு இறங்கினால், டிரையரைத் தாண்டிய பிறகும் உள்ளே நீர் கட்டும். காலையில் மெஷினை ஆன் செய்ததும் அந்த நீர் நேரே வால்வுகளுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் எஜெக்டர் மேனிஃபோல்டுக்குள் போகும். யார் பெயர் போட்ட ஃபில்டரானாலும் ஆவியாக வரும் ஈரத்தை நிறுத்தாது.

ஆகவே செய்ய வேண்டியது: வெளியே போகும் பைப்புக்கு உறை போட்டு, மெஷினுக்கு முன்னால் கடைசியில் நீரை வடிக்கும் டிரெய்ன் வால்வ் ஒன்று வையுங்கள். போன வால்வைத் தூக்கிப் போடாமல் பிரித்துப் படம் எடுங்கள். உள்ளே வெள்ளையாகக் குழம்பு மாதிரி இருந்தால் தண்ணீரும் ஆயிலும் கலந்தது. துரு என்றால் தண்ணீர். ரப்பர் சீல் மட்டும் தேய்ந்திருந்தால் ஓடிய ஓட்டம். வால்வ் வரிசை எண், மெஷின் ஓடிய நேரம் காட்டும் ஹவர் மீட்டர் அளவு, ஃபில்டர் மாற்றிய தேதி, டிரையர் பேனல் வெப்பநிலை இவற்றை ஒரு லாக் புத்தகத்தில் எழுதுங்கள். சார்ட்டர்டு இன்ஜினியர் ஒருவரிடம் எழுத்தில் அறிக்கை வாங்கி வைத்தால் நீதிமன்றத்தில் நிற்கும்.

---

தாண்டிக்குடி_காபி:

இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். பழனி மலைப் பக்கம் காபி பழம் உரிக்கும் மெஷின் எங்கள் குழுவுக்கு லீஸில் வந்திருக்கிறது. அதிலும் உதிரிபாகம் அவர்களிடமே வாங்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. கோத்தகிரி அண்ணனுக்குச் சொல்லும் பதில் எங்களுக்கும் பொருந்துமா?

---

பிரிவு_எண்:

பொருந்தாது. நல்ல வேளை கேட்டீர்கள். இரண்டு பேருக்கும் சேர்த்தே 140-ஆம் பிரிவை எழுதிவிடுகிறேன். என் கணிப்பில் சி.சி.ஐ. பற்றிய பேச்சு இருட்டடித்துவிட்ட பிரிவு இது. சிறிய வாங்குபவர் கையில் உள்ள பலமான ஆயுதமும் இதுதான்.

காப்புரிமைப் பொருளை விற்கும் ஒப்பந்தம், லீஸ், உரிமம் எதுவானாலும் சில ஷரத்துகள் எழுதும்போதே செல்லாதவை. (ஏ) காப்புரிமைப் பொருள் அல்லாத வேறு பொருளை விற்றவரிடம்தான் வாங்க வேண்டும், பிறரிடம் வாங்கக் கூடாது என்பது. (பி) விற்றவர் தராத வேறு பொருளைப் பயன்படுத்தக் கூடாது என்பது. (சி) வேறு செய்முறையைப் பயன்படுத்தத் தடை. (டி) நீங்கள் செய்யும் மேம்பாட்டை அவர்களுக்கே தனியுரிமையாகத் திருப்பித் தரச் சொல்வது, காப்புரிமை செல்லுமா என்று கேட்கவிடாமல் தடுப்பது, வேண்டாத உரிமங்களையும் சேர்த்துக் கட்டி வாங்கச் சொல்வது. இதையே தனி ஒப்பந்தமாகப் பிரித்து எழுதினாலும் தப்ப முடியாது என்று அதே பிரிவின் உட்பிரிவு (2) சொல்கிறது. ஏ.எம்.சி. பேப்பரில் ஒளித்து வைத்தாலும் செல்லாதது செல்லாததுதான்.

கோத்தகிரி சார் ஒப்பந்தத்தில் ஆயில், ஃபில்டர் ஷரத்து (ஏ)யிலும் (பி)யிலும் நேரடியாக விழும். வேறு சார்ட்டர் வைக்கக் கூடாது என்பதும் அப்படியே. வாதாடக் கூடாது என்பது (டி).

வால்வ் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. மெஷினின் ஒரு பாகம் காப்புரிமைப் பொருளா, அல்லாத பொருளா என்று அவர்கள் கேட்பார்கள். பதில் (4)(சி)யில் இருக்கிறது. லீஸ் அல்லது பயன்படுத்த உரிமம் கொடுத்த மெஷினைப் பழுது நீக்கி ஓட வைக்கத் தேவையான புதுப் பாகங்களை, கொடுத்தவர் தானே சப்ளை செய்யும் உரிமையை வைத்துக்கொள்ளலாம் என்கிறது அது. அங்கே விற்பனை என்ற சொல்லே இல்லை. லீஸுக்கும் உரிமத்துக்கும் மட்டும் விலக்கு தேவைப்பட்டது என்றால், விலக்கு இல்லாத விற்பனையில் உதிரிபாகக் கட்டுப்பாடு தடைக்குள் வருகிறது என்றுதான் வாதம் போகும். சொந்தமாக வாங்கிய இன்வாய்ஸ் இருப்பது கோத்தகிரி சாருக்குப் பெரிய பலம்.

தாண்டிக்குடி நண்பருக்கு: உங்கள் மெஷின் லீஸ் என்பதால் பழுது பார்க்கும் பாகத்தை அவர்களிடம் வாங்கச் சொல்வது செல்லும். ஆனால் விலக்கு பாகத்துக்கு மட்டும். பாகம் அல்லாத கிரீஸ், பெல்ட் டிரெஸ்ஸிங், கழுவும் மருந்து இவற்றை அவர்களிடமே வாங்கச் சொல்லியிருந்தால் அந்த வரி செல்லாது. லீஸ் முடிவில் மெஷின் உங்களுக்கே சொந்தமாகும் வகையா என்றும் பாருங்கள். சொந்தமான நாளில் இருந்து இந்த விலக்கு உங்களைக் கட்டுப்படுத்துமா என்பதே விவாதத்துக்குரியது.

(4)(ஏ) பற்றியும் ஒரு வரி. ஒரு கம்பெனிப் பொருளைத் தவிர வேறு பொருளை விற்கக் கூடாது என்று டீலரோடு போடும் ஷரத்தை 140 தொடாது. குன்னூரில் இருக்கும் அவர்கள் டீலர் வேறு வால்வ் விற்க மறுத்தால் அதை இந்தப் பிரிவில் கேட்க முடியாது.

பலரும் கவனிக்காதது (3). செல்லாத ஷரத்தோடு அந்தக் காப்புரிமை பற்றிய ஒப்பந்தம் ஒன்று நடப்பில் இருந்தால், அந்தக் காலத்து மீறல் வழக்கில் அதுவே எதிர்வாதம். வழக்குப் போட்டவர் அந்த ஒப்பந்தத்தில் தரப்பில்லை, தனக்குத் தெரியாமல், சம்மதமில்லாமல் அந்த ஷரத்து போடப்பட்டது என்று அவர் நிரூபித்தால்தான் தப்பலாம். அதாவது, உங்களைக் கட்டிப்போட எழுதிய வரி அவர்கள் காப்புரிமையையே ஊனமாக்குகிறது. கம்பெனியின் வக்கீல் இதைப் படித்தால் ஷரத்தைத் தானே எடுக்கச் சொல்வார். கோவைக்காரருக்கும் இதைக் காட்டுங்கள்.

---

கோத்தகிரி_இலை:

மிக்க நன்றி. ஸ்டிக்கரில் இருந்தது கிராண்ட் ஆன எண்தான். கட்டணமும் நடப்பில் இருக்கிறது. தனியே நிற்கும் கிளெய்ம் இரண்டு. இரண்டும் கேமரா படத்தில் இருந்து எஜெக்டர் திறக்கும் நேரத்தைக் கணக்கிடும் அமைப்பு பற்றியவை. "ஒரு எஜெக்டர் அலகு" என்று வருகிறதே தவிர வால்வின் உள்கட்டமைப்பு எங்கும் இல்லை. அவர்கள் பெயரில் வால்வுக்குத் தனிக் காப்புரிமையும் தேடியதில் தென்படவில்லை.

இரண்டு சந்தேகம். 84-ல் கட்டாய உரிமம் கேட்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள், செய்யலாமா? அடுத்து, நோட்டீஸ் எப்படி எழுதுவது?

---

வால்பாறை_டூ_குன்னூர்:

கட்டாய உரிமம் உங்களுக்கு ஆகாது. அது, காப்புரிமைக்காரர் சம்மதிக்காவிட்டாலும் அந்தப் பொருளை நானே தயாரித்து விற்கிறேன் என்பவருக்குக் கன்ட்ரோலர் தரும் உரிமம். கிராண்ட் ஆகி மூன்று ஆண்டு முடிந்திருக்க வேண்டும். பொதுமக்கள் தேவை நிறைவேறவில்லை, விலை கட்டுப்படியாகவில்லை, இந்தியாவில் செயல்படுத்தப்படவில்லை என்ற மூன்றில் ஒன்றைக் காட்ட வேண்டும். தயாரிக்கும் திறனும் முதலும் இருக்கிறதா என்று கன்ட்ரோலர் பார்ப்பார். அதற்கு முன் காப்புரிமைக்காரரிடம் நியாயமான நிபந்தனையில் கேட்டு முயன்றிருக்க வேண்டும். அதற்குச் சட்டம் சொல்லும் காலம் சாதாரணமாக ஆறு மாதத்துக்கு மிகாது. போட்டிக்கு எதிரான நடத்தை நிரூபணமானால் இந்த முயற்சி தேவையில்லை என்று விலக்கு உண்டு. ஆனால் யார் முன் நிரூபிப்பது என்பதுதான் 2023-க்குப் பிறகு வந்த சிக்கல்.

84-ல் கொடுக்கப்பட்டது ஒன்றே ஒன்று: 2012 மார்ச் 9, பேயரின் புற்றுநோய் மருந்துக்கு நாட்கோ பெற்றது. மாதம் 2,80,428 ரூபாய்க்கு விற்றதை 8,880 ரூபாய்க்குத் தருகிறேன் என்று நாட்கோ வந்தது. ராயல்டி முதலில் 6 சதவீதம், மேல்முறையீட்டில் 7 ஆனது. பிறகு வந்த பி.டி.ஆர். என்ற மருந்துக் கம்பெனியின் மனு, காப்புரிமைக்காரரிடம் ஒழுங்காக முயலவில்லை என்றே 2013-ல் விழுந்தது. 2016-ல் லீ ஃபார்மா மனுவும் நிராகரிப்பு. உயிர் காக்கும் மருந்துக்கே இந்த நிலை என்றால் சார்ட்டர் வால்வுக்கு அந்தப் பாதையில் போய்ப் பணத்தைக் கரைக்க வேண்டாம்.

---

பிரிவு_எண்:

அதேதான். அவர்கள் காப்புரிமையில் வால்வே இல்லாதபோது வால்வுக்கு உரிமம் கேட்பது, இருப்பதாக நீங்களே ஒப்புக்கொள்வதாகிவிடும்.

நோட்டீஸ் ஒரே விஷயத்தில் நிற்கட்டும். மெஷின் இன்வாய்ஸ் எண், தேதி, விற்பனை என்பது முதல் பத்தி. ஒப்பந்தத்தின் எந்த வரி 140(1)-இல் எந்த உட்பிரிவில் விழுகிறது என்பதை வரி வரியாக, அவர்கள் எழுதிய சொல்லிலேயே எடுத்துப் போடுங்கள். 140(3)-ஐச் சுட்டி, இந்த ஷரத்து நடப்பில் இருப்பதன் விளைவைச் சொல்லுங்கள். வால்வ் எந்தக் கிளெய்முக்குள் வருகிறது என்று கிளெய்ம் எண்ணோடு பதில் கேளுங்கள். பதில் வராமல் போவதும் உங்களுக்குச் சாட்சியம். 30 நாள் அவகாசம். பதிவுத் தபால் ஒப்புகையோடும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். சி.சி.ஐ. என்ற பேச்சை இதில் எடுக்க வேண்டாம். விலை அநியாயம் என்ற புலம்பலும் வேண்டாம், 140-க்கு விலை பொருட்டே இல்லை.

மெஷினில் பாஸ்வேர்டு பூட்டு இருந்தால் அதை உடைக்காதீர்கள். காப்புரிமையில் ஜெயித்து மென்பொருள் காப்பிரைட்டில் மாட்டிக்கொள்வீர்கள். வால்வ் மாற்றிய பிறகு மெஷின் திறக்க மறுத்தால் அதைப் படம் எடுத்து, திறந்து தரச் சொல்லி எழுதுங்கள்.

கம்பெனி வழக்குப் போடுவேன் என்று மிரட்டிக் கடிதம் அனுப்பினால் காப்புரிமைச் சட்டம் 106-இல் ஆதாரமற்ற மிரட்டல் என்று வழக்குத் தொடுத்து, மிரட்டாதே என்று தடையும் நஷ்டஈடும் கேட்கலாம். எங்களுக்குக் காப்புரிமை இருக்கிறது என்று வெறுமனே தெரிவிப்பது மட்டும் மிரட்டலாகாது. இந்த வழக்கு மாவட்ட நீதிமன்றத்துக்குக் கீழே போகாது. நீலகிரிக்கு ஊட்டி. அவர்கள் மீறல் வழக்குப் போட்டு, நீங்கள் காப்புரிமையை ரத்து செய் என்று எதிர்வழக்குப் போட்டால் கோப்பு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மாறும். உங்கள் வாதம் மீறலே இல்லை என்பதோடு நிற்பதால் ரத்து கேட்டுச் செலவை ஏற்றத் தேவையில்லை.

நீங்களாக ஷரத்து செல்லாது என்று அறிவிக்கக் கேட்டால், மதிப்பு 3 லட்சம் ரூபாயைத் தாண்டும் வணிகத் தகராறு என்பதால் முதலில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாகச் சமரசம் கட்டாயம். 2022-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்துவிட்டது. ஏ.எம்.சி.யை நிறுத்தி மெஷின் நிற்கும் அவசரம் இருந்தால், உடனடி இடைக்காலத் தடை கேட்டு நேரே போகலாம். அதற்கு முன்பு ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஆர்பிட்ரேஷன் (நீதிமன்றத்துக்குப் பதில் நடுவர் தீர்ப்பு) ஷரத்தும், எந்த ஊர் நீதிமன்றம் என்பதும் அங்கேதான் இருக்கும். ஆர்பிட்ரேஷன் இருந்தால் 140 வாதத்தை நடுவர் முன் வைக்க வேண்டி வரும். இடைக்காலத் தடைக்கு மட்டும் நீதிமன்றம்.

ஏ.எம்.சி. புதுப்பிக்கும் தேதி என்று வருகிறது? அந்தப் பேப்பரில் பழைய ஷரத்துகளை உறுதி செய்கிறோம் என்று ஒரு வரி இருக்கும். அதை அடித்துவிட்டு, அடித்த இடத்தில் கையெழுத்தும் தேதியும் போட்டு நகல் வைத்துக்கொண்டு அனுப்புங்கள். அடித்ததற்காக அவர்கள் புதுப்பிக்க மறுத்தால் அந்த மறுப்பை எழுத்தில் வாங்குங்கள்.

---

காம்பு_நார்:

நோட்டீஸ் போகும் முன் வால்வை மாற்ற வேண்டாம். அவர்கள் வால்வோடே ஓடும் நிலையில் ஒரு கிலோ தூளில் எவ்வளவு காம்பு மிஞ்சுகிறது, நல்ல தூள் எவ்வளவு கழிவோடு போகிறது என்று எடை போட்டு, கிரேடு வாரியாகக் குறித்து வையுங்கள். கோவை வால்வ் போட்ட பிறகும் அதே லைட் செட்டிங், அதே காற்றழுத்தம், அதே கிரேடில் எடை எடுங்கள். தரம் கெட்டுவிட்டது, அதனால்தான் எங்கள் பாகம் கட்டாயம் என்று அவர்கள் சொல்லப் போவது உறுதி. அந்த இரண்டு தாளையும் எதிரே வைக்கலாம்.